சமையலறையிலிருந்து ஒரு மூணு

உங்கள் வீட்டில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு ஆள் உண்டா?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உண்டு. "கதவைச் சாத்திட்டேன்" என்று வாசலில் நின்று அவர் சொல்வார். "சாத்தியாச்சு" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சொல்வாள். "கேஸை மூடிட்டேன்." "மூடியாச்சு." புதிதாக வந்தவர் கேட்டால், புருஷனும் பெண்டாட்டியும் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கல்யாணமான புதிதில் அவளும், "எனக்கென்ன காது செவிடா? எதுக்கு இப்படி ஏலம் விடறீங்க?" என்று சண்டை போட்டவள்தான். பதினெட்டு வருஷத்தில் ஊறிப்போய்விட்டது. இப்போது அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். அவள் கை பாட்டுக்கு வேறு வேலையில் இருக்கும், மனசு பாட்டுக்கு வேறு எங்கோ இருக்கும், வாய் மட்டும் கடமையைச் செய்யும்.

இது அவருடைய தொழிலிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம். லிஃப்ட் பழுது பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறையில் இருப்பார். இன்னொருவர் கீழே, லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுப் பொந்துக்குள் இருப்பார். கீழே இருப்பவர் "கரண்ட்டை நிறுத்து" என்று கத்துவார். மேலே இருப்பவர் நிறுத்திவிட்டு, "கரண்ட் நிறுத்தியாச்சு" என்று திருப்பிக் கத்த வேண்டும். அந்தக் குரல் காதில் விழாமல் கீழே இருப்பவர் கையை நீட்டக் கூடாது. விரல் தப்புவதும் தலை தப்புவதும் அந்தக் குரலில்தான் இருக்கிறது.

மெக்கானிக் பத்தொன்பது வருஷம் கீழே இருந்தார். மேலே இருந்தது சோடா. தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே யாரென்று திரும்பிப் பார்ப்பார்.

பிறகு மெக்கானிக்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. "ஏணிப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். கம்பெனி வேலையை விட்டு அனுப்பவில்லை. தரைத்தளத்தில் புகார் மேசையில் உட்கார வைத்தது. போன் அடிக்கும். லிஃப்ட் நின்றுவிட்டது என்பார்கள், கதவு சாத்தவில்லை என்பார்கள். பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்தே எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன? சீட்டில் எழுதி வேறு யார் கையிலாவது கொடுக்க வேண்டும்.

"பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கேன்யா" என்று சோடாவிடம் சொன்னார்.

"பிள்ளையாருக்காவது நாலு பேரு வந்து தோப்புக்கரணம் போடுவான். உன்னை எவன் சீந்தறான்?" என்றார் சோடா. ஆறுதல் சொல்வதில் அவர் அப்படித்தான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், மூன்றாம் மாடியிலிருந்து மேடம் இறங்கி வந்தார். லிஃப்டுக்கு மூளையாக இருக்கும் மென்பொருளை அந்தக் கம்பெனியே எழுதுகிறது. எழுதியது ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. மெக்கானிக்கைவிடப் பத்து வயது சிறியவர்.

"அண்ணா, ஒரு சந்தேகம். எட்டுப் பேர் ஏறுற லிஃப்ட்ல ஒன்பதாவது ஆளு ஒரு காலை மட்டும் உள்ள வெச்சுட்டு, போன் பேசிக்கிட்டே வாசல்ல நின்னா என்ன ஆகும்?"

மெக்கானிக் முக்கால் மணி நேரம் பேசினார். காலை வைப்பவன், குடையை நீட்டுபவன், நாயை உள்ளே விட்டுவிட்டுக் கயிற்றோடு வெளியே நிற்பவன், எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டு ஓடும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மேடம் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் திரும்ப வந்தார்.

"என் பிரிவுல ஒரு இடம் காலியாகுது. உங்களை எடுத்துக்க எனக்கு ஆசை. ஆனா டெஸ்டிங் சான்றிதழ் இல்லாம மேல அனுமதி தர மாட்டாங்க. அடிப்படைப் பரீட்சைதான். நாப்பது கேள்வி, இருபத்தாறு சரியா இருந்தாப் போதும். அடுத்த மாசம் முப்பதாம் தேதி காலையில கையில இருந்தா இடம் உங்களுக்கு. இல்லைன்னா வெளியிலேர்ந்துதான் ஆள் எடுக்கணும். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

நாற்பத்து மூன்று வயதில் மெக்கானிக் புத்தகத்தைத் திறந்தார்.

இருநூறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். முதல் வாரம் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்தார். கடைசியில் அச்சு எது, பென்சில் எது என்று தெரியாமல் பக்கம் கறுத்துப் போனது. சில இடங்கள் வெல்லமாக இறங்கின. எட்டு என்பது எல்லை என்றால் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் சோதிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. "இதைத்தானே இத்தனை வருஷமா எடைக்கல்லை வெச்சு செஞ்சேன்" என்று மேசையைத் தட்டினார்.

சில இடங்களில் புத்தகத்தோடு சண்டை வந்தது. சோதனை செய்தால் பழுது இருப்பதைக் காட்டலாம், பழுதே இல்லை என்று யாராலும் காட்ட முடியாது என்றது புத்தகம். "அப்புறம் எவன் லிஃப்ட்ல ஏறுவான்?" என்று அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்ப் பல் தேய்த்தார். பல் தேய்த்துக்கொண்டே யோசித்தார். லிஃப்டின் உள்ளே ஒட்டும் காகிதத்தில், இது பத்திரமானது என்று இத்தனை வருஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பார்த்த வரையில் பத்திரம் என்பதுதானே அதற்கு அர்த்தம்? வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து புத்தகத்தை நிமிர்த்தி வைத்தார். ஆனால் ஒரு விஷயம் மட்டும் கடைசிவரை தொண்டையில் இறங்கவில்லை. பழுதைக் கண்டுபிடிப்பவர் அதைச் சரி செய்யக் கூடாதாம். எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டுமாம்.

விடிகாலை ஐந்து மணிக்குப் படிக்க உட்காருவார். அவர் மனைவி ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். பழைய திரைகள் வந்தால், ஓரத் தையலைச் சின்னக் கொக்கியால் பிரித்து எடுத்துவிட்டுத்தான் புதிதாக மடித்து அடிக்க வேண்டும். தையல் பிரிக்கும் வேலையை அந்த நேரத்தில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து செய்வாள். மெஷின் சத்தம் இருக்காது, இவர் படிப்பும் கெடாது.

மாதிரிக் கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒன்று முதல் நான்கு வரை விடைகள் இருக்கும். அவர் வாசிப்பார், நெற்றியைச் சொறிவார், முடிவு செய்வார். "ரெண்டு" என்பார். "ரெண்டு" என்று சமையலறையிலிருந்து வரும். அப்புறம்தான் பென்சில் வட்டம் போடும். அவளுக்கு அந்த ஆங்கிலமும் தெரியாது, கேள்வி என்னவென்றும் தெரியாது. அவள் குரல் வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் அவள் பால் வாங்கப் போயிருந்தாள். "நாலு" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி வரும்வரை பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பரீட்சை மையத்தில் பக்கத்துத் தேதிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம் என்றார்கள். பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. விதிகள் இரண்டு பக்கம் வந்தன. மேசை காலியாக இருக்க வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வாய் விட்டு வாசிக்கக் கூடாது. முகம் தெரியாத ஒரு கண்காணிப்பாளர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பார்.

மனைவி வீட்டையே சுடுகாட்டு அமைதிக்குக் கொண்டுவந்தாள். தையல் மெஷினின் வயரைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டில் போய் மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"நான் சமையலறையைத் தாண்டி வர மாட்டேன். ஒரு பல்லி சத்தம் போட்டாக்கூட அடிச்சுடுவேன். நீங்க கவலைப்படாம எழுதுங்க."

சமையலறைக்குக் கதவு கிடையாது. அவளே தைத்த திரை ஒன்று தொங்கியது.

ஏழாவது கேள்வியில் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. உங்கள் உதடு அசைகிறது, வாசிக்காதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டார். பதினெட்டாவது கேள்வி வரை கடித்துக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் போனது.

பத்தொன்பதாவது கேள்வி கொஞ்சம் நீளம். சோதனை செய்யும்போது ஒருவர் ஆபத்தான ஒரு பழுதைக் காண்கிறார். அடுத்து அவர் செய்ய வேண்டியது என்ன? மெக்கானிக் அந்தக் கேள்விக்குள் இறங்கிவிட்டார். அங்கே கதவு திறந்தபடி லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே ஓர் ஆள் நின்றிருந்தான். மேசை, கேமரா, சனிக்கிழமை எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

"மூணு" என்றார்.

"மூணு!" என்றது சமையலறை, வெண்கல மணி மாதிரி.

குரல் வந்துவிட்டது என்ற நிம்மதியில் அவர் மூன்றை அமுக்கினார். அமுக்கிய பிறகுதான் கேமரா கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் திரை வெள்ளையானது. பெட்டியில் இரண்டே வரி வந்தது. அறையில் இரண்டாவது நபரின் குரல் கேட்டது. பரீட்சை நிறுத்தப்படுகிறது.

சமையலறையில் கொக்கி தரையில் விழும் சத்தம் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். மடியெல்லாம் நூல் துணுக்குகள்.

"நானா?"

"நீதான்."

"நான் சொன்னேனா?"

"சொன்ன."

"சத்தமாவா?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மடியிலிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "ஒண்ணரை மாசப் படிப்பு" என்றாள். "பல்லியை அடிக்கிறேன்னு சொல்லிட்டு நானே பல்லி மாதிரி கத்திட்டேனே."

"விடு. முதல்ல வாயைத் திறந்தவன் நான்."

மதியம் பரீட்சை அமைப்பிலிருந்து கடிதம் வந்தது. மூன்று நாளைக்குள் விளக்கம் எழுத வேண்டும். வேறொருவர் விடை சொல்லிக் கொடுத்தது உறுதியானால், ஒரு வருஷத்துக்கு எழுத முடியாது. ஒரு வருஷம் என்றால் மூன்றாம் மாடி போனது போனதுதான்.

சாயங்காலம் சோடா வந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"இதுக்கா ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? ரேடியோன்னு எழுதுய்யா. பக்கத்து வீட்டு ரேடியோ. கிரிக்கெட் ஓடிக்கிட்டு இருந்துது, மூணு ரன்னுன்னு சொன்னான். முடிஞ்சுது."

"அதுதான் சரிங்க" என்றாள் மனைவி. "ரேடியோன்னே எழுதுங்க. என்னால உங்களுக்கு ஒரு வருஷம் போச்சுன்னா நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?"

மெக்கானிக் கம்ப்யூட்டரைத் திறந்து ரேடியோ என்ற வார்த்தையை அடித்தார். அதற்குப் பிறகு விரல் நகரவில்லை.

"யோவ், எவனுக்கு என்ன நஷ்டம்? ஒரு ரேடியோ. கொலையா பண்ணச் சொன்னேன்?"

"உன் முழுக்கைச் சட்டையை மடக்கு" என்றார் மெக்கானிக்.

"எதுக்கு?"

"மடக்குய்யா."

சோடா மடக்கவில்லை. மடக்கினால் என்ன தெரியும் என்று மூவருக்கும் தெரியும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு. வேறு ஷிஃப்டில் யாரோ ஒருவன் 'பிரேக் பார்த்தாச்சு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தான். அவன் பார்க்கவில்லை. அதை நம்பித்தான் சோடா கையை உள்ளே விட்டார்.

"அவனும் யாருக்கு என்ன நஷ்டம்னுதானே நினைச்சிருப்பான்?" என்றார் மெக்கானிக். "மேல என்னைக் கூப்பிடறது எதுக்கு? நடந்தது என்னன்னு எழுதறதுக்கு. முதல் காகிதத்துலயே புளுகிட்டு அங்க போய் உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி எழுது. ஆனா அவங்க நம்பணுமே. பெண்டாட்டி திருப்பிச் சொல்லுவான்னு எழுதினா, உலகத்துல எந்தப் பெண்டாட்டி புருஷன் சொன்னதைச் சொல்லுவான்னு கேட்பான்."

அப்போதுதான் மெக்கானிக் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பழுது அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு அத்தியாயமே இருந்தது. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, அதை மறுபடி எப்படி வரவைக்கலாம். மறுபடி வரவைக்க முடிந்தால்தான் நம்புவார்கள்.

"நீ உள்ள போய் உட்காரு" என்றார் மனைவியிடம். "தையலைப் பிரி. நான் நம்பர் சொல்லுவேன். நீ பேசக் கூடாது. முடிஞ்ச வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

"இனிமே செத்தாலும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சோடா சிகரெட் அட்டையும் பேனாவுமாக எண்ணிக்கை எடுக்க உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. மெக்கானிக் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று, "ரெண்டு" என்றார்.

"ரெண்டு. ஐயையோ!"

சோடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டார்.

பத்துத் தடவை பார்த்தார்கள். எட்டுத் தடவை பதில் வந்தது. வராத இரண்டு தடவையும் அவள் துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, உன்னை மெஷின் ரூமுக்கு எடுத்துக்கலாம்மா" என்றார் சோடா. "எனக்குக்கூட பத்துக்கு எட்டு வராது." காலையிலிருந்து முதல் முறையாக அவள் சிரித்தாள்.

மெக்கானிக் எழுதினார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் எத்தனை அடி, எந்தக் கேள்வி, முதலில் பேசியது யார். நடந்திருக்க வேண்டியது: இருவரும் மௌனம். நடந்தது: நான் மூணு என்றேன், என் மனைவி மூணு என்றாள். மறுபடி வரவைக்கும் வழி: மனைவி கைவேலையில் இருக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு எண்ணைச் சொல்லவும். பத்துக்கு எட்டு முறை வரும். வாயில் துணி இருந்தால் வராது. காரணம்: பத்தொன்பது வருஷ வேலைப் பழக்கம், பதினெட்டு வருஷக் குடும்பப் பழக்கம். என் மனைவிக்கு விடைகள் தெரியாது. விதியை மீறியது நான்.

திங்கட்கிழமை அதை மேடத்திடம் காட்டினார். ஆங்கிலம் சரியா என்று பார்க்கத்தான். மேடம் இரண்டு தடவை வாசித்தார். ஒரு இடத்தில் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"இங்க 'துரதிர்ஷ்டவசமாக'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை எடுத்துடுங்க அண்ணா. அறிக்கையில அழுகை வேண்டாம்."

"எடுத்துடறேன் மேடம்."

"முப்பதாம் தேதி முப்பதாம் தேதிதான். அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

அன்றே அனுப்பினார். ஆறாம் நாள் பதில் வந்தது. மனைவியை எதிரே உட்கார வைத்து, தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். ஒலிப்பதிவைக் கேட்டோம். இரண்டாவது குரல் முதல் குரலுக்குப் பின்னரே வருகிறது. அது முதல் குரல் சொன்னதையே சொல்கிறது. தவிர, சொல்லப்பட்ட விடை தவறானது. எனவே இதை உதவியாகக் கருத இயலாது. தடை இல்லை. ஆனால் வாய் விட்டுப் பேசியதால் அந்தப் பரீட்சை செல்லாது. இனி மையத்தில் நேரில் வந்து மட்டுமே எழுதலாம். யாரோ ரத்து செய்த ஓர் இடம் இருபத்தொன்பதாம் தேதி பிற்பகலில் இருக்கிறது.

"தப்பா?" என்றாள் அவள். "மூணு தப்பா?"

"தப்பாம்."

"அடப் பாவி மனுஷா. தப்பான பதிலைச் சொல்லியா ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடினார். மூன்றாவது விடை, உடனே தானே சரி செய்வது. முதல் விடை, இருந்தது இருந்தபடி எழுதி உரியவரிடம் கொடுப்பது. அவர் அந்த இரண்டு வரியையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சோதிப்பவன் கையை வைத்துவிட்டால் பழுது எப்படி வந்தது என்ற தடயம் அழிந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது. பலமுறை வாசித்த வரிதான். கை இத்தனை நாளும் தலையை முந்திக்கொண்டு போயிருக்கிறது.

மறுநாளிலிருந்து மனைவி விடிகாலையிலேயே கொக்கியை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கேயே உட்கார்ந்து பிரித்துவிட்டு எட்டு மணிக்கு வருவாள். "நான் இருந்தா என் வாய் சும்மா இருக்காது" என்றாள். வீடு வெறிச்சென்று இருந்தது. முதல் நாள் மாதிரித் தாளில் அவருக்கு இருபது வந்தது. இரண்டாம் நாள் பத்தொன்பது. முடிவு செய்வார், பென்சிலைத் தூக்குவார், ஏதோ வர வேண்டியது வராமல் மனசு தடுமாறும், வேறொன்றில் வட்டம் போட்டுவிடுவார்.

மூன்றாம் நாள் மதியம் சோடாவிடம் சொன்னார்.

"நான் மேல நின்னு உன் குரலைத் திருப்பிச் சொன்னது உனக்காகன்னு நினைச்சியா?" என்றார் சோடா. "எனக்காகய்யா. நான் அமுக்கின சுவிட்சை இன்னொரு தரம் கண்ணால பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பேன். நாலு தரம் தப்பான சுவிட்சை அமுக்கியிருக்கேன். வாய் திறக்கும்போதுதான் தெரிஞ்சுது. உனக்கு எங்க தெரியும்?"

மெக்கானிக்குக்கு அது புதுச் செய்தி. மறுநாள் காலை வேறு மாதிரி செய்து பார்த்தார். மனசுக்குள் ஒரு விடையை முடிவு செய்வார். உடனே கேள்வியின் முதல் வார்த்தைக்குத் திரும்பப் போவார். வேறு ஒருவர் வாசிப்பது போல, தனக்கு எதுவுமே தெரியாதது போல, முழுசாக இன்னொரு தரம் வாசிப்பார். அதே எண் வந்தால் வட்டம். இருபத்தெட்டு வந்தது. ஆனால் நேரம் போதவில்லை, கடைசி ஐந்து கேள்விகள் அப்படியே நின்றன. சந்தேகம் இருக்கிற கேள்விக்கு மட்டும் இரண்டாம் வாசிப்பு என்று வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வந்தது, இருபத்தேழு வந்தது, மறுபடி இருபத்தைந்து வந்தது. கயிற்றின் மேல் நடக்கிற கதைதான்.

இருபத்தொன்பதாம் தேதி அவள் கூடவே வந்தாள். மையம் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. "நான் கீழயே நிக்கறேன், மேல வந்தா மறுபடி ஏதாவது உளறிடுவேன்" என்று எதிர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே பன்னிரண்டு தடுப்புகள், பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். வாசலில் ஒரு பெண் பையைத் தடவிப் பார்த்து, கைக்குட்டையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் கால் நீட்ட முடியாத இடத்தில் உட்கார்ந்து எழுதினார். வாய் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. முப்பத்தாறாவது கேள்வியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் இரண்டு தரம் வாசித்தார். நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கடைசிப் பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு எண் வந்தது.

அவர் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்து சாலையின் ஓரத்துக்கு வந்தாள். வண்டிகள் போகும் வரை இருவரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"எவ்வளவு?" என்றாள், அவர் கடந்து வந்ததும்.

"இருபத்தேழு."

"நாப்பதுக்கா?"

"நாப்பதுக்கு."

"வேணுங்கறது?"

"இருபத்தாறு."

அவள் மூச்சை விட்டாள். இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவர் காலை இழுத்து இழுத்து வைத்ததால் அவளும் மெதுவாகவே நடந்தாள்.

"அப்போ பதிமூணு தப்பு பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"பதிமூணு தப்பு பண்ணின ஆளை நம்பி நாளைக்கு ஜனங்க லிஃப்ட்ல ஏறணுமா?"

"நான் பார்த்ததை இன்னும் மூணு பேர் பார்ப்பாங்கம்மா."

"அப்ப சரி" என்றாள். பேருந்து நிறுத்தத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, மையத்தில் கையோடு கொடுத்த சான்றிதழோடு மெக்கானிக் மூன்றாம் மாடிக்குப் போனார். மேடம் சான்றிதழை வாங்கி ஒரு நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஜன்னலோர மேசை கொடுத்தார்கள். நாற்காலி உயரமாக இருந்தது, யாரோ வந்து இறக்கிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு இன்னும் வந்திருக்கவில்லை. பதினோரு மணிக்கு வந்தது.